ஒட்டகச் சீட்டு

தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த காலம். கார்த்திகை மாதம். மழை விட்ட ஒரு மத்தியானம். பழைய துறைமுகத்தை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு.

அன்று வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மூத்த மகள், பதினொரு வயது. மகன், எட்டு வயது. சின்னவள், பள்ளிக்கூடம் போகிற வயது வராதவள். பக்கத்து வீட்டுக்காரி, சத்தம் கேட்டு வந்து சுவரோரம் நின்றாள். வாசலில் ஒரு வெளியூர்க்காரர், முன்பின் பார்த்திராதவர். அவர் கையில் ஒரு சின்னத் தகர டப்பா.

என் வீட்டுக்காரர் இல்லை.

அவர் தோணியில் வேலை பார்த்தார். பாய் விரித்து ஓடும் மரத் தோணி. இங்கிருந்து வெங்காயமும் வத்தலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவார்கள். நான் உப்பளத்தில் உப்பு வாரினேன். மழைக்காலத்தில் உப்பள வேலை கிடையாது. அதனால்தான் அன்று நான் வீட்டில் இருந்தேன்.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவர் கொழும்பிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி வாங்கி வந்தார். உள்ளே மடக்கி வைத்த பாம்பு ஏணி அட்டை, பகடை, நாலு நிறத்தில் காய்கள், ஒரு கட்டுப் படச் சீட்டு. சீட்டில் மிருகங்களும் பறவைகளும். ஒவ்வொரு படமும் இரண்டு இருக்கும். எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்பிவிட்டு, ஆளுக்கு இரண்டாகத் திருப்பிப் பார்த்துச் சோடி சேர்க்க வேண்டும். மொத்தம் நாற்பது சீட்டு.

பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏளா, காசக் கொண்டுபோயிக் கடல்ல போட்டுட்டு வந்திருக்காவ உன் மாப்பிள்ள. தை மாசத்துக்குள்ள இது கூழாயிரும் பாத்துக்கோ. அதுவும் சீட்டுக்கட்டு! மாதா கோயில் சாமியாரு பாத்தா பூசையில வச்சுப் பேரு வாசிப்பாரு."

"ராசா ராணி இல்ல மைனி, ஆனையும் குருதையும்தான். சாமியாரையும் கூட்டியாங்க, ஒரு கை போடட்டும்" என்றார் இவர்.

அவள் சொன்னதிலும் தப்பில்லை. கடற்கரைத் தெருவில் அட்டைச் சாமான் நிற்காது. உப்புக் காற்று எதையும் விடாது. தீப்பெட்டி நமுத்துப்போகும். பிள்ளைகளின் பாடப் புத்தகமே ஐப்பசியில் வீங்கிப்போகும்.

இவர் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்தார். கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். ஒவ்வொரு சீட்டாக எடுத்து இரண்டு பக்கமும் மெழுகைத் தேய்த்தார். துணியால் அழுத்தித் துடைத்தார். பாம்பு ஏணி அட்டையின் மடிப்பு கிழியாமல் இருக்க, பழைய பாய்த்துணியில் ஒரு துண்டு வெட்டிப் பின்னால் ஒட்டினார். கரப்பான் தின்னாமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்தார். பிறகு எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கினார். அடியில் வறுத்த அரிசி, சின்னத் துணிப்பையில். ஈரம் வந்தால் அரிசி குடித்துக்கொள்ளும். மூடி சேருகிற இடத்தில் மெழுகில் தோய்த்த பஞ்சுத் திரியைச் சுற்றி அழுத்தினார்.

தோணிக்காரர்கள் இப்படித்தான் செய்வார்கள். கடலில் தீப்பெட்டியும் காகிதமும் நனையாமல் இருக்க அவர்களுக்கு இதுதான் வழி. தோணியின் பலகை இடுக்கில் பஞ்சை அடைத்துக் குங்கிலியம் பூசுவதும் இவர் வேலைதான். அதே கை, அதே பொறுமை.

சாயங்காலம் ஆகிவிட்டது. பிள்ளைகள் தூங்கி வழிந்தார்கள். ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

பெட்டிக்குச் சட்டம் வைத்தார். விளையாடுமுன் நல்ல தண்ணீரில் கை கழுவ வேண்டும். துடைக்க வேண்டும். உப்புக் கையால் தொடக் கூடாது, உப்பு ஈரத்தை இழுக்கும். மாதம் ஒரு தடவை அரிசியை மறுபடி வறுக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் எண்ணி வைக்க வேண்டும்.

இதில் நான் தள்ளுபடி. உப்பளத்திலிருந்து வந்து பெட்டிப் பக்கம் திரும்பும்போதே மகன் கத்துவான்.

"எம்மா, அங்கனயே நில்லு! உப்பு! உப்பு!"

"உங்க அம்மை தொட்டா ஊறுகாதான் போடணும்" என்பார் இவர்.

நான் எட்ட உட்கார்ந்து பார்ப்பேன். ஒரு நாளும் ஆடினதில்லை. பார்ப்பதே போதும் என்று இருந்தேன்.

எண்ணி வைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். தோணி கிளம்பும்போது தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர், ஏறுகிற ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணுவார். திரும்பி வந்து இறங்கும்போதும் தொட்டு எண்ணுவார். இரண்டு கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இவர் அதையே சீட்டுக்கும் வைத்தார். மகள் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். மற்ற இரண்டும் கூடவே கத்தும்.

ஒரு தடவை எண்ணும்போது ஒன்று குறைந்தது. வீட்டைப் புரட்டிப் போட்டோம். மகன் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். இவர் கொழும்பிலிருந்து வந்த பிறகுதான் தெரிந்தது. சட்டைப் பையில் மயில் சீட்டு ஒன்று. சின்னவள் போட்டிருக்கிறாள். கொழும்புவரை போய்விட்டுத் திரும்பி வந்திருந்தது.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு சீட்டை அப்பாவிடம் கொடுத்தனுப்புவார்கள். சீட்டு குறைந்தால் ஆட்டம் சரியாக வராது. அதனால் அப்பா அதைத் திருப்பிக் கொண்டுவந்தே ஆக வேண்டும். முப்பத்தொன்பது என்றால் அப்பா கடலில். நாற்பது என்றால் அப்பா வீட்டில். பிள்ளைகள் கணக்கு அவ்வளவுதான். சொல்லப்போனால் எனக்கும் அதுதான் கணக்கு.

கடைசியாகப் போனபோது எந்தச் சீட்டு என்று முடிவு பண்ணுவது மகன் முறை. அவன் ஒட்டகத்தை எடுத்துக் கொடுத்தான்.

"ஏலே, கடலுக்குப் போறவனுக்கு ஒட்டகமாலே? மீனு கீனு ஒண்ணும் கெடைக்கலயா?"

"ஒட்டகம் தண்ணியே குடிக்காம ரொம்ப நாளு கெடக்கும்ப்பா. எங்க வாத்தியாரு சொன்னாரு. தோணியில நல்ல தண்ணி தீந்துட்டுன்னா?"

"தீந்தா?"

"அது சமாளிச்சுக்கும்."

"அப்ப நானு?"

மகன் யோசித்தான். "நீங்களும் அதுகூட இருங்க" என்றான்.

இவர் சிரித்துக்கொண்டே சீட்டை வாங்கினார். சுருட்டு வாங்கிய சின்னத் தகர டப்பா ஒன்று வைத்திருந்தார். அதில் தீப்பெட்டி, மாதா சுரூபம் ஒன்று, வறுத்த அரிசி ஒரு பிடி. ஒட்டகத்தையும் உள்ளே வைத்து, திரி சுற்றி, மெழுகு பூசினார். டப்பாவின் அடியில் தோணியின் பெயரை ஏற்கெனவே ஆணியால் கீறி வைத்திருந்தார்.

"அரிசிய வறுக்க மறந்துராத" என்று என்னிடம் சொன்னார். நாங்கள் விடை சொல்வது அப்படித்தான்.

கொழும்பில் சரக்கை இறக்கிவிட்டார்கள் என்று சேதி வந்தது. பிறகு காற்று மாறியது.

புயல் அன்று விடிந்தும் இருட்டாகவே இருந்தது. கூரை ஓலை ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு போனது. வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். நான் அரிசிப் பானையைத் தூக்கி மேலே வைத்துவிட்டுத் திரும்பினேன். மகன் பெஞ்சு மேல் நிற்கிறான். தலையில் பிஸ்கட் டின். அதற்கு மேல் என் சேலை ஒன்றைச் சுற்றியிருக்கிறான். அவன் உடம்பு முழுக்க நனைந்து நடுங்குகிறது.

"எறங்குலே, விழுந்துருவ."

"ஒண்ணு கெட்டாலும் அப்பா வந்து எண்ணும்போது கணக்கு வராதும்மா."

இறங்கவில்லை. மழை குறையும்வரை நின்றான்.

மறுநாள் கடற்கரைக்குப் போனேன். கொழும்பிலிருந்து முன்னால் கிளம்பிய ஒரு தோணி, பாய்மரம் முறிந்து வந்து சேர்ந்திருந்தது. எங்கள் ஆட்கள் தங்களுக்குப் பின்னால்தான் பாய் விரித்தார்கள் என்று அதில் வந்தவர்கள் சொன்னார்கள். அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியவில்லை.

தினமும் போய் நின்றேன். எங்கள் தோணியில் போனவர்களின் வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள். ஒரு பெரியவர் சொன்னார், "மாலத்தீவுப் பக்கம் ஒதுக்கியிருக்கும். முன்னால ஒரு தோணி அப்படிப் போயி, ஆளுக எல்லாம் முழுசா வந்து எறங்குனாவ." அதைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அரிசியை வறுத்தேன். பிள்ளைகள் பெட்டியைத் திறந்து எண்ணுவார்கள். முப்பத்தொன்பது. மூடி வைப்பார்கள். விளையாடுவதில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வெளியூர்க்காரர் வந்தார்.

மணப்பாட்டுப் பக்கத்துக்காரர். கரைவலை இழுப்பவர். வலையில் மீனோடு டப்பா வந்திருக்கிறது. அடியில் கீறியிருந்த பெயரைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். தூத்துக்குடித் தோணி என்று தெரிந்ததும் பஸ் ஏறிவிட்டார். துறைமுகத்தில் விசாரித்தபோது, அந்தத் தோணியில் இவ்வளவு சுத்தமாக மெழுகு போட்டு மூடுகிறவர் ஒருத்தர்தான் என்று எங்கள் வீட்டைக் கைகாட்டியிருக்கிறார்கள்.

டப்பாவை நீட்டினார். மூடியில் மெழுகு அப்படியே இருந்தது.

"தொறக்கலியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"மெழுகு வச்சு மூடுன சாமான். மூடுனவுக தொறக்கணும். இல்லன்னா அவுக வீட்டாளுக தொறக்கணும். நான் யாரு?" என்றார்.

நான் வாங்கினேன். கத்தியை மெழுகில் சுற்றிவர ஓட்டி மூடியைத் தூக்கினேன். வறுத்த அரிசி வாசம் வந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்தேன். ஏன் கிழித்தேன் என்று தெரியாது. முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது.

பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குள் மகன் டப்பாவுக்குள் பார்த்துவிட்டான்.

"ஒட்டகம் வந்துட்டு!"

கையை நீட்டியவன் சட்டென்று நிறுத்தினான். ஓடிப்போய்க் கை கழுவினான். துடைத்தான். சீட்டை எடுத்துக்கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தான். தொட்டுத் தொட்டு எண்ணினான். சின்னவளும் கூடச் சேர்ந்து கத்தினாள். மூத்தவள் கத்தவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பது!" என்று மகன் எழுந்து வாசலுக்கு ஓடினான். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு வந்தவரைப் பார்த்துக் கேட்டான்.

"அப்பா எங்க நிக்காவ? தோணிக்கிட்டயா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் டப்பாவை மூடினேன். அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியலியே ராசா. இது மட்டுந்தான் என் கையில கெடச்சுது."

"சீட்டு வந்துட்டுல்லா. அப்ப வந்துருவாவ" என்றான் மகன். அவருக்கு அவன்தான் ஆறுதல் சொன்னான். "அதுவரைக்கும் அவுக எடத்துல நீங்க இருங்க. ஆளு கொறஞ்சா ஆட்டம் நல்லாருக்காது."

அவருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். போகிறேன் என்று சொல்லவில்லை. எழுந்தார்.

"கையக் கழுவணும் மாமா" என்று சின்னவள் சொன்னாள்.

மூத்தவள் செம்பில் தண்ணீர் ஊற்றினாள். அவர் வெகுநேரம் கழுவினார். அவர் கையும் உப்பேறின கைதான். கழுவிவிட்டு, என் வீட்டுக்காரர் எப்போதும் உட்காரும் இடத்தில், வடக்குச் சுவர்ப் பக்கம் உட்கார்ந்தார்.

சீட்டுகளைக் கவிழ்த்துப் பரப்பினார்கள். ஆடினார்கள். நான் எட்ட நின்று பார்த்தேன். மூத்தவள் ஒரு ஒட்டகத்தைத் திருப்பினாள், அதற்குச் சோடி கிடைக்கவில்லை, கவிழ்த்து வைத்தாள். அடுத்து அவர் முறை. இன்னொரு ஒட்டகத்தைத் திருப்பினார். முதல் ஒட்டகம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். இப்போதுதான் பார்த்தார். கை அதற்குப் பக்கம்வரை போனது. பிறகு வேறொன்றைத் திருப்பினார். கழுதை.

"என்ன மாமா, நீங்க ஒண்ணும் தெரியாத ஆளா இருக்கீங்க!" என்று மகன் சிரித்துக்கொண்டே தன் முறையில் இரண்டு ஒட்டகத்தையும் எடுத்துக்கொண்டான். புயலுக்குப் பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி அங்கே நிற்க முடியாமல் போய்விட்டாள்.

ஆட்டம் முடிந்து எண்ணி வைத்தார்கள். அவர் ஒரு டம்ளர் கடுங்காப்பி குடித்தார். வாசல்வரை போனவர் நின்றார்.

"தங்கச்சி, நான் இதக் கொண்டாந்திருக்கக் கூடாதோ?"

"கொண்டாந்தது நல்லதுதான்" என்றேன்.

அது உண்மையா பொய்யா என்று அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஊர் தெரியும், பேர் கேட்கவில்லை. பிறகு பார்க்கவும் இல்லை. இருந்ததைத் தொடாமல் கொண்டுவந்து கொடுத்து, இல்லாத ஆளின் இடத்தில் ஒரு மத்தியானம் உட்கார்ந்துவிட்டுப் போன மனுஷன்.

அதற்குப் பிறகும் நான் கடற்கரைக்குப் போனேன். யாரும் வரவில்லை. பலகை ஒன்றுகூட வரவில்லை. கோயிலில் இறந்தவர்களுக்காகப் பூசை வைத்தார்கள். தெருவில் எல்லாரும் வந்தார்கள்.

மகன் மட்டும் தினமும் பெட்டியை எண்ணினான். தெருவைப் பார்ப்பான். மறுபடி எண்ணுவான். கணக்குச் சரியாக இருந்தது. ஆள் வரவில்லை. அவனுக்கு அது விளங்கவில்லை.

ஒருநாள் அரிசி வறுத்து வைக்கப் பெட்டியைத் திறந்தபோது சீட்டுக் கட்டு இளைத்திருப்பதுபோல் இருந்தது. மகளை எண்ணச் சொன்னேன். ஒன்று குறைந்தது. ஒட்டகம். நான் தேடவில்லை. ஆணியில் இவர் சட்டை ஒன்று தொங்கியபடியே இருந்தது. அதன் பையில் சீட்டின் முனை தெரிந்தது.

மகன் மறுபடி அப்பாவைக் கடலுக்கு அனுப்பியிருந்தான்.

நான் அதை எடுக்கவில்லை. அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நாட்களில் எனக்கும் கொஞ்சம் தூக்கம் வந்தது. ஆள் கடலில்தானே இருக்கிறார் என்று இருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்தான். கை கழுவினான். துடைத்தான். பெஞ்சை இழுத்துப் போட்டு ஏறி, அப்பா சட்டைப் பையிலிருந்து ஒட்டகத்தை எடுத்தான். பெட்டியில் வைத்து மூடினான். மெழுகுத் திரியைச் சுற்றி, அப்பா அழுத்துகிற மாதிரி அழுத்தினான். அவன் அழவில்லை. அதற்குப் பிறகு அவன் எண்ணவும் இல்லை, விளையாடவும் இல்லை.

பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கு ஒரு ஊராகப் போய்விட்டார்கள். பெட்டி என்னிடம் இருக்கிறது. ஒரு சீட்டும் வளையவில்லை. ஒரு மூலையும் மடங்கவில்லை. உப்புக் காற்றிலிருந்து ஒரு கட்டு அட்டையை இத்தனை வருஷத்துக்குக் காப்பாற்றி வைக்கத் தெரிந்தது அந்தக் கைக்கு.

இப்போதும் ஐப்பசி பிறந்தால் அரிசி வறுக்கிறேன். நல்ல தண்ணீரில் கை கழுவுகிறேன். ஈரம் போகத் துடைக்கிறேன். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறேன். ஒன்று குறைந்துவிடாதா என்றுதான் ஒவ்வொரு தடவையும் எண்ணுகிறேன். குறைந்தால் அவர் இன்னும் வழியில் இருக்கிறார் என்று ஆகும்.

நாற்பது.